ரவிவர்மாவிடம் நிறம் கற்றேன்

மாட்டுங்கா மார்க்கெட்டில் பூஜைச் சாமான் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு லட்சுமியும் ஒரு சரஸ்வதியும் சட்டத்துக்குள்ளிருந்து நம்மைப் பார்ப்பார்கள். தாமரையில் நிற்கும் அந்த லட்சுமிக்கும், மயில் அருகிலிருக்க வீணையோடு பாறைமேல் அமர்ந்த அந்தச் சரஸ்வதிக்கும் முகம் கொடுத்தவர் ராஜா ரவிவர்மா என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய படங்களை அச்சடித்து வீடுதோறும் அனுப்பிய அச்சகம் நம் மும்பையில்தான் தொடங்கியது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1894ஆம் ஆண்டு கிர்காவ் பகுதியில் அந்த லித்தோ அச்சகத்தை ரவிவர்மா ஏற்படுத்தினார். இயந்திரமும் ஜெர்மனி, அதை ஓட்டியவர்களும் ஜெர்மானியர்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக ஒரு கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். பின்னர் மும்பையில் பிளேக் நோய் பரவிய காலத்தில் அச்சகம் மளவ்லிக்குப் போயிற்று. லோனாவாலா தாண்டி புனே பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷன் மளவ்லி. கார்லா குகை பார்க்க இறங்குவோமே, அதேதான்.

நான் எழுத வந்தது அச்சுப் படத்தைப் பற்றி அல்ல. அந்த அச்சுக்கு மூலமாக இருந்த எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பற்றி. அதிலும் அவர் படம் ஒன்றைப் பார்த்துத் திரும்ப வரைந்து, முகம் தீட்டக் கற்றுக்கொண்ட அனுபவத்தைப் பற்றி.

நான் ஓவியன் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, டிப்ளமா முடித்து, மத்திய ரயில்வேயில் சேர்ந்து, மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். 1915இல் தொடங்கிய அந்த ஒர்க்ஷாப்பில் என் காலத்தில் எத்தனை ஆயிரம் பெட்டிகள் பழுது பார்க்க வந்து புது வண்ணத்தோடு போயின என்று கணக்கு வைக்கவில்லை. ஆகவே பெயின்ட் எனக்குப் புதிதல்ல. முகம்தான் புதிது.

அறுபத்து நாலு வயதில் தூரிகை பிடிக்கக் காரணம் என் மனைவி. அவள் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. சுவரில் மாட்ட ஒரு படம் தேடினேன். எங்கள் கல்யாணப் படம் கறுப்பு வெள்ளை. அந்தக் கால ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே பென்சில் வைத்து முகத்தை வெளுக்கடிப்பார்கள். 'டச்சப்' என்று அதற்குத் தனிக் காசு வேறு. பிறகு எடுத்த வண்ணப் படங்கள் ஆல்பத்துக்குள்ளேயே சிவந்து மங்கிவிட்டன. கடைசி வருடங்களில் பிள்ளைகள் செல்போனில் எடுத்தவை நிறைய உண்டு. அந்தப் போனோ, கேட்காமலேயே தோலை வழவழப்பாக்கி இரண்டு படி வெளுத்துக் கொடுக்கிறது. அவள் நல்ல கறுப்பு. நாற்பது வருஷப் படங்களில் ஒன்றில்கூட அவள் நிறத்தில் அவள் இல்லை. அதை யாராவது வரைந்துதான் ஆக வேண்டும் என்றால் நாமே ஏன் முயலக்கூடாது என்று தோன்றியது.

செம்பூரில் எங்கள் கட்டடத்திலேயே, ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்த ஒரு மராத்திப் பெண் இருக்கிறாள். என் மகள் வயது. அவளிடம் போய்ச் சொன்னேன். "நேராக ஆன்ட்டி முகத்துக்குப் போகாதீர்கள் காகா. ஒரு பெரிய ஓவியரின் படத்தை எடுத்து, அதை முதலிலிருந்து கடைசி வரை திரும்பக் கட்டுங்கள். கை அதற்குள் பழகிவிடும்" என்றாள். காப்பி அடிப்பதா என்று கேட்டேன். சிரித்தாள்.

அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது, இது பழைய ராஜபாட்டை. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் 1793இல் திறந்தபோதே, உள்ளே ஈசலைப் போட்டு உட்கார்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைய அனுமதி உண்டு. இன்றும் உண்டு. ஒரே நிபந்தனை, நகலின் அளவு மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும்; அப்போதுதான் எவரும் அதை அசல் என்று விற்க முடியாது. இன்ஜினியருக்குப் பிடித்த விதி. அவ்வளவு தூரம் போவானேன்? 1857இல் தொடங்கிய நம் ஜே.ஜே. பள்ளியின் மாணவர்களே ஜான் கிரிஃபித்ஸ் என்ற ஆசிரியர் தலைமையில் 1872 முதல் 1885 வரை அஜந்தாக் குகைகளுக்குப் போய், சுவர் ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் துணியில் எடுத்து எழுதினார்கள். அப்படி அஜந்தா முகங்களை எழுதிப் பழகிய பெஸ்டோன்ஜி பொமான்ஜிதான் பிற்காலத்தில் மும்பையின் பெயர்பெற்ற உருவப்பட ஓவியர்களில் ஒருவரானார். லண்டனுக்கு அனுப்பிய அந்த நகல்களில் பல 1885இல் தீயில் போயின. படம் போனாலும் அதை எழுதிய கைகளில் பாடம் தங்கிவிட்டது.

எந்தப் படம் என்பது அடுத்த கேள்வி. அவள் ரெம்பிராண்ட் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அருமையான முகங்கள். ஆனால் அந்தப் பாடப் புத்தகங்களில் 'சதை நிறம்' என்று ஒரு செய்முறை போட்டிருக்கிறதே, வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள் என்று, அதைக் குழைத்தால் வருவது ஐரோப்பியக் கன்னம். அது எனக்கு எதற்கு? நம் ஊர் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் முதலில் பெரிய அளவில் எழுதிப் பார்த்தவர் யாரோ அவரிடம் போவதுதான் முறை. ரவிவர்மாவின் 'அதோ அப்பா வருகிறார்' படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

1893இல் வரைந்தது. வெள்ளை உடையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, காலடியில் நாய். மூன்று பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். வருகிற அப்பா படத்தில் இல்லை. அந்தப் பெண் ரவிவர்மாவின் மகள் மகாபிரபா, குழந்தை பேரன். தாய்வழியே குடும்பம் செல்லும் மருமக்கத்தாய வழக்கத்தில் பிறந்த ஓவியர், அப்பா வீட்டுக்கு வருவதை ஒரு படத்தின் பொருளாக்கியதை அறிஞர்கள் பலவாறு ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பிரேக்டவுன் டூட்டி முடிந்து நான் கடைசி லோக்கலில் இறங்கிக் குவார்ட்டர்ஸ் பக்கம் நடக்கும்போது, மாடி வராந்தாவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். படத்தில் இல்லாத அந்த அப்பா நான்தான் என்று தோன்றிற்று.

இனி ரவிவர்மா எப்படிக் கற்றார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் கதையில் நம் மதுரைக்கும் பங்குண்டு. அது கொஞ்சம் சங்கடமான பங்கு.

1848இல் கிளிமானூரில் பிறந்தவருக்கு முதல் குரு தாய்மாமன் ராஜராஜ வர்மா. தஞ்சாவூர்ப் பாணியில் வரையத் தெரிந்தவர். பதினான்கு வயதில் மருமகனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு, மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் அழைத்துப் போனார். அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர். நாயுடு என்றும் எழுதுவார்கள். அந்த வட்டாரத்தில் எண்ணெய் வண்ணம் கையாளத் தெரிந்தவர் அவர்தான். பையனுக்கு அந்த வித்தையைச் சொல்லித்தர அவர் மறுத்துவிட்டார். போட்டிக்கு வந்துவிடுவான் என்ற கணக்கு. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒர்க்ஷாப்பில் பழைய மேஸ்திரிகள் சிலர், கலவை போடும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு போடுவதை நானே பார்த்திருக்கிறேன். வித்தைதான் சோறு என்றால் மூடித்தான் வைப்பார்கள். நாயக்கரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் எஜமானருக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து ரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். நாயக்கர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. பிள்ளையைப் பற்றி ஒரு வரிக்குமேல் யாரும் எழுதுவதில்லை.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் எழுதத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் சொல்லித்தரச் சம்மதிக்கவில்லை. தாம் எழுதும்போது நின்று பார்க்க மட்டும் சம்மதித்தார். இருபது வயது ரவிவர்மா நின்று பார்த்தார். எந்த நிறத்தை முதலில் வைக்கிறார், எதை உலர விட்டு எதை மேலே போடுகிறார் என்று பார்த்ததை வைத்துத் தாமே செய்து செய்து கற்றார். ஐந்தே வருடம். 1873இல் தலைவாரும் நாயர் பெண் படத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அதே படத்துக்கு வியன்னாவிலும் பரிசு.

பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அவர் கற்றதை, எனக்கு மாடிப்படி இறங்கிவந்து ஒரு பெண் சொல்லித் தருகிறாள். தட்சிணையாக வாரம் ஒருநாள் ரசம் சாதம் கேட்கிறாள்.

வேலைக்கு வருவோம். துணி, சட்டம், ஈசல் மூன்றும் வேண்டும். தாராவி 90 அடி சாலைப் பக்கம் மரவேலை செய்யும் ஒருவரிடம் போனேன்; நம் ஊர்ப்பக்கத்துக்காரர். "ஒரு ஈசல் செய்யணும்" என்றேன். "ஈசலா? மழை பெஞ்சா அது தன்னால வருமே அண்ணாச்சி" என்றார். படம் போட்டுக் காட்டிய பிறகு, மூன்று கால் ஸ்டாண்டைத் தேக்கில் ஜம்மென்று செய்து கொடுத்தார். துணி இழுத்துக் கட்டும் சட்டத்துக்கு மட்டும், "மழைக்காலம் கழியட்டும் அண்ணாச்சி, இப்பப் பண்ணினா மரம் முறுக்கிக்கிடும்" என்று நவராத்திரி வரை காக்க வைத்தார். டீச்சரும் அதையே சொன்னாள். மும்பை மழையில் கட்டிய துணி தளரும், எண்ணெய் உலர நாளாகும், பின்புறம் பூஞ்சை பிடிக்கும்.

பெட்டிக்கு வண்ணம் அடிப்பதற்கும் முகத்துக்கு வண்ணம் வைப்பதற்கும் இத்தனை ஒற்றுமை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒர்க்ஷாப்பில் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பள்ளத்துக்கு லப்பம் பூசி (மும்பையில் லாம்பி), நீர்க்காகிதம் போட்டுத் தேய்த்து, அண்டர்கோட் கொடுத்து, கடைசியில்தான் எனாமல். இங்கும் துணியில் முதலில் பசை, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, தேய்ப்பு. பிறகு கட்டம் போட்டு உருவத்தை எடுத்தேன். அது டிராயிங் ஆபீஸ் பழக்கம், சிரமமில்லை. அடுத்து முகம் முழுவதையும் ஒரே பழுப்பு நிறத்தில், வெளிச்சம் நிழல் மட்டும் வைத்து முடிக்க வேண்டும். நிறம் அதற்கு மேல்தான். அடிப்பூச்சில் டர்பென்டைன் அதிகம், எண்ணெய் குறைவு. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முதலில் இறுகி, அடிப்பூச்சு பின்னால் அசைந்து, வெடிப்பு விடும்.

ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். ஆளி விதை எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளே இழுத்து இறுகுகிறது. அதனால்தான் காயும்போது எடை குறையாமல் கூடுகிறது. அந்த வேதிவினையில் சூடு பிறக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். ஒர்க்ஷாப்பில் அதற்கென மூடிபோட்ட இரும்புத் தொட்டி வைத்திருந்தோம். வீட்டில் வரைகிறவர்கள் துணியைத் தண்ணீர் வாளியில் நனைத்து, பிரித்துக் காயப்போட்டு எறியுங்கள். இதை ஓவியம் சொல்லித்தருபவர்கள் பலர் சொல்வதில்லை.

மெதுவாக உலர்வதுதான் இந்த வண்ணத்தின் முழுப் பலமும். தஞ்சாவூர்ப் படத்தில் வண்ணம் வைத்தவுடன் காய்ந்துவிடும். கன்னத்தின் வெளிச்சமும் நிழலும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். எண்ணெயில் இரண்டு நாள் கழித்தும் விளிம்பைக் குழைத்துக் கரைக்கலாம். தவிர மெல்லிய பூச்சு கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடும். ஒளி அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வரும்போது தோல் உயிரோடு இருப்பதுபோல் தெரிகிறது.

மகாபிரபாவின் கன்னத்தில் மட்டும் மூன்று வாரம் இருந்தேன். என் தட்டில் ஆறு நிறங்கள்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின், கொஞ்சம் சிவப்பு. நம் மாநிறத்தில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு இடம் லேசாகப் பச்சை தட்டும். கண்ணாடி முன்னால் ஜன்னல் பக்கம் நின்று உங்கள் தாடையோரம் பாருங்கள், தெரியும். அந்தப் பச்சையை வைத்தவுடன் பக்கத்திலிருக்கும் பழுப்பு ரத்த ஓட்டத்தோடு சிவக்கிறது. வைக்காவிட்டால் களிமண். அச்சுப் பிரதியைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். டீச்சர் கைவிரலை வைத்துக் காட்டினாள்.

அசலைப் பார்க்க வேண்டுமே என்று பாஸ் எடுத்துக்கொண்டு பரோடா போனேன். மும்பை சென்ட்ரலிலிருந்து 392 கிலோமீட்டர். அங்கே அரண்மனை வளாகத்தில் மகாராஜா ஃபதேசிங் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. பரோடாவுக்கும் அவருக்கும் பாலம் போட்டவர் ஒரு கும்பகோணத்துக்காரர்: திவான் டி. மாதவராவ். முதலில் திருவிதாங்கூரில் திவான், 1875 முதல் பரோடாவில். படங்களை அச்சடித்து ஊரெங்கும் பரப்புங்கள் என்று ரவிவர்மாவுக்கு யோசனை எழுதியவரும் அவர்தான். 1888இல் பரோடா மன்னர் புராணக் காட்சிகளாகப் பதினான்கு படங்கள் கேட்டார். 1890இல் முடித்துக் கொடுத்தார்.

காவலர் விட்ட தூரம் வரை கிட்டே போய்ப் பார்த்தேன். நான்கடி தள்ளி நின்றால் தங்க அட்டிகை. நெருங்கினால் கெட்டியான மஞ்சள் புள்ளிகள், நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. தோலிலோ தூரிகை போன தடமே தெரியவில்லை. நகைக்கு அவ்வளவு சுருக்கமாகவும் கன்னத்துக்கு அவ்வளவு பொறுமையாகவும் கை போகிறது.

இடையில் ஒன்று. ரவிவர்மா படம் எழுதுகிறேன் என்றவுடன் நண்பர்கள் பலரும், "விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பாளே, அந்தப் படமா?" என்று கேட்கிறார்கள். மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அந்தப் படம் ரவிவர்மாவுடையது அல்ல. நம் மும்பை ஜே.ஜே. பள்ளியில் படித்த எஸ்.எல். ஹல்தாங்கர் தம் மகளை நிற்க வைத்து வரைந்தது. எண்ணெய்கூட இல்லை, நீர்வண்ணம். ரவிவர்மா 1906இலேயே காலமாகிவிட்டார். இது அதற்கு எத்தனையோ ஆண்டுகள் பிந்தியது. ஹல்தாங்கருக்குச் சேர வேண்டிய பெயரை நாமாவது அவருக்குக் கொடுப்போம்.

தாயும் குழந்தையும் இடுப்பு வரை, பிப்ரவரியில் முடிந்தது. பின்புறம் 'ரவிவர்மா படத்தின் நகல்' என்று தமிழிலும் மராத்தியிலும் எழுதிவைத்தேன். அவர் காலமாகி நூறு வருடம் தாண்டிவிட்டதால் காப்புரிமை வில்லங்கம் இல்லை. அசல்களை 1979 முதல் அரசு தேசியக் கலைச்செல்வமாக அறிவித்திருக்கிறது. அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

அந்த நகலை முடித்த பிறகுதான் அவரோடு எனக்குள்ள பிணக்கும் தெளிவாயிற்று. ரவிவர்மாவின் கதாநாயகிகள் பெரும்பாலும் சிவப்பு. சகுந்தலை, தமயந்தி, லட்சுமி எல்லோரும் கோதுமைக்கு மேல் போவதில்லை. அந்த முகங்கள் அச்சாகி வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டதில், அழகு என்றால் அந்த நிறம் என்று நமக்கெல்லாம் படிந்துவிட்டதோ என்று சந்தேகிக்கிறேன். என் மனைவியைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று என் சித்தி சொன்ன முதல் வார்த்தை நிறத்தைப் பற்றித்தான். கல்யாண ஸ்டூடியோக்காரனும் அதே படத்தைப் பார்த்து வளர்ந்தவன்தானே. இத்தனைக்கும் ரவிவர்மாவுக்குக் கறுப்பு தெரியாது என்று சொல்ல முடியாது. மகாபிரபாவை எழுதிய அதே 1893இல் தென்னிந்திய நாடோடிக் குடும்பம் ஒன்றையும் எழுதியிருக்கிறார். அவர்கள் அழகுக்காக எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கன்னத்தைக் கட்டும் முறையை அவரிடம் எடுத்துக்கொண்டு, நிறத்துக்கு நானே கலக்க வேண்டியதாயிற்று. கறுப்புத் தோலுக்குக் கறுப்பு பெயின்ட் உதவாது, செத்துப்போகும். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் சேர்ந்து ஒரு ஆழம் தருகின்றன. அதன்மேல் பர்ன்ட் சியன்னாவை மெல்லிய பூச்சாக விட்டால் உள்ளிருந்து சூடு வருகிறது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் வெளிச்சம் வெள்ளைத் தோலில்போல் மஞ்சளாக இருப்பதில்லை. ஜன்னல் வானத்தை வாங்கிக்கொண்டு லேசான நீலம். வியர்வையோடு அடுப்படியிலிருந்து வெளியே வருவாளே, அப்போது அந்த நீலத்தை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் அதற்குப் பெயர் தெரிகிறது.

இரண்டாவது துணி இப்போது ஈசலில் இருக்கிறது. பழுப்பு அடிப்பூச்சு முடிந்து, நிறம் இரண்டு சுற்று ஏறியிருக்கிறது. போன ஞாயிறு மகள் வந்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தாடையைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா இன்னும் கறுப்புப்பா" என்றாள்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் பர்ன்ட் அம்பர் டியூபைத் திறந்தேன்.